கஞ்சா அறுவடைக்கு ஆர்எஃப்ஐடி எடை நிலையம்: வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், உரிமம் பெற்ற ஓர் உட்புறக் கஞ்சாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். அறுவடை எடையைத் தானாகப் பதிவு செய்யும் அமைப்பு ஒன்றை வாங்கிப் பல அறுவடைகளில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. 500 செடிக்கு மேல் வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். 100 செடி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம், அவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, அதையும் கீழே எழுதியிருக்கிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஏறக்குறைய இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் விற்கின்றன, எதை வாங்கப் போனாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவைதான்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றால், டெட்ராய்ட் பக்கம் கார் தொழிற்சாலை ஆட்டோமேஷனில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இந்தத் துறையைப் பற்றிக் கேட்கிறார்கள். பார்கோடு, ஆர்எஃப்ஐடி (தொடாமலே ரேடியோ அலையால் எண்ணைப் படிக்கும் சிப்), பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) எல்லாம் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் அமெரிக்க ஒன்றியச் சட்டத்தில் கஞ்சாவுக்கு இன்னும் தடைதான். மாநிலத்தில் சட்டப்படி நடக்கும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்தாலும் அது குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டில் இருப்பவர்களும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் இந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

இப்போது அறுவடைக்கு வருவோம். வெளியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம், வெட்டி எடை போட்டு எழுத வேண்டியதுதானே என்று தோன்றும். சட்டம் கேட்பது அதைவிட நுணுக்கமானது. ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகக் கேட்கிறது. 2013 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறையின் துணைத் தலைவர் ஜேம்ஸ் கோல் ஒரு சுற்றறிக்கை விட்டார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலங்கள் அதை இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும், வேறு மாநிலங்களுக்குக் கசியக் கூடாது, சிறுவர்கள் கைக்குப் போகக் கூடாது, அப்படி இருந்தால் அங்கே வழக்குப் போடுவதை ஒன்றிய அரசு முதன்மை வேலையாக வைத்துக்கொள்ளாது என்பது அதன் சாரம். 2018 ஜனவரியில் அப்போதைய நீதித் துறைத் தலைவர் ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்துவிட்டார், ஆனால் அதற்குள் மாநிலங்கள் எல்லாம் விதையிலிருந்து விற்பனை வரை பின்தொடரும் முறைக்குள் போயிருந்தன. அந்த முறை அப்படியே நின்றுவிட்டது. மிச்சிகன், கொலராடோ, ஒரிகன், கலிஃபோர்னியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதற்குப் பயன்படுவது 'மெட்ரிக்' (Metrc) என்ற மென்பொருள். ஃபுளோரிடாவில் லேக்லேண்ட் என்ற ஊரில் இருக்கும் நிறுவனம் நடத்துவது.

மெட்ரிக்கில் சின்னக் கன்றுகள் 100 வரை ஒரே தொகுப்பாகக் கணக்கில் இருக்கலாம். வளர்ந்து அடுத்த நிலைக்குப் போகும்போது செடிக்கு ஒரு டேக் கட்ட வேண்டும். அது 24 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் பட்டை. உள்ளே ஆர்எஃப்ஐடி சிப், மேலே பார்கோடு. ஒன்று 45 சென்ட், ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. செடி வெட்டப்படும் வரை அந்த டேக் அதன் மேலேயே இருக்க வேண்டும். வெட்டியதும் அந்தச் செடியின் ஈர எடையை அந்த டேக் எண்ணுக்கு எதிராகப் பதிய வேண்டும். மொத்த அறையையும் எடை போட்டுச் செடி எண்ணிக்கையால் வகுத்துப் போடும் வேலை செல்லாது. அப்புறம் காய்ந்த பூ, டிரிம் (பூவைச் சுற்றி நறுக்கி எடுத்த இலை), தண்டுக் கழிவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் 'அறுவடை முடிந்தது' என்று அழுத்தும்போது மிச்சம் இருக்கும் எடை முழுவதையும் ஈரப்பத இழப்பு என்று மெட்ரிக் எழுதிக்கொள்ளும். பச்சைச் செடி காயும்போது முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராகப் போய்விடும். ஆகவே ஆரம்ப எடை தப்பாக இருந்தால் அந்த இழப்பு எண் விநோதமாக வரும். அதைப் பார்க்கும் அதிகாரிக்குச் சரக்கு பின் கதவு வழியாகப் போயிருக்குமோ என்ற கேள்விதான் முதலில் வரும். அறுவடை நாளில் எடுக்கும் அந்த ஒற்றை எண்ணின் மேல் உரிமமே நிற்கிறது.

கையால் செய்தால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒருவர் செடியை வெட்டிக் கொண்டு வந்து ஸ்கேலில் தொங்கவிடுவார். இன்னொருவர் டேக்கின் கடைசி ஐந்து இலக்கங்களைச் சத்தமாகப் படிப்பார், ஏனென்றால் ஓர் அறையில் இருக்கும் டேக்குகளின் முன்பகுதி எல்லாம் ஒன்றுதான். மூன்றாமவர் தாளில் எழுதுவார். ஃபேன் சத்தம், ஏசி சத்தம், எல்லோர் முகத்திலும் மாஸ்க். மாலையில் ஒருவர் உட்கார்ந்து அந்தத் தாளை எக்செல்லில் அடிப்பார். பிசின் ஒட்டிய கையுறையோடு எழுதிய 1 எது, 7 எது என்று தாளைப் பார்த்தால் தெரியாது. 1,340 கிராம் என்பது 1,430 ஆகிவிட்டால் யாருக்கும் தெரியாது, எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது, இரண்டும் நடக்கக்கூடிய எடைதான். ஒரு டேக்கை இரண்டு முறை எழுதியிருந்தால் மட்டும் மாட்டும். அப்போது எந்தச் செடி விடுபட்டது என்று குப்பைத் தொட்டியில் வெட்டிய டேக்குகளைக் கொட்டி எண்ண வேண்டியதுதான்.

இந்த அமைப்பு செய்வது இது. எடை நிலையம் என்று ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு. மேலே கொக்கியோடு தொங்கு ஸ்கேல், பக்கத்தில் ஆர்எஃப்ஐடி ஆன்டெனா, கண் மட்டத்தில் ஒரு டேப்லெட். செடியைக் கொக்கியில் மாட்டினால் ஆன்டெனா டேக்கைப் படிக்கிறது, ஸ்கேல் ஆட்டம் நின்றதும் எடையைப் பிடிக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, எடுத்துவிட்டு அடுத்த செடி. யாரும் எதையும் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். எடை, டேக் எண், நேரம், நிலையத்தில் நின்ற ஆளின் பெயர் எல்லாம் சேர்ந்து ஒரு வரியாகப் பதிகிறது. அறை முடிந்ததும் மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதை) வழியாக மெட்ரிக்குக்குப் போய்விடுகிறது. மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது ஒருவர் பார்க்கிறார். மாலை நேரத் தட்டச்சு அடியோடு இல்லை.

வேகம்தான் இதன் பெரிய லாபம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். எடை பிறந்த இடத்திலேயே டேக் எண்ணோடு கட்டப்படுகிறது, நடுவில் எந்த மனிதக் கையும் இல்லை, இதற்காகத்தான் நான் பணம் கொடுப்பேன். ஓர் அமைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் நடுவில் யாராவது எண்ணை மாற்ற இடம் கொடுக்கிறது என்றால் அதை வாங்காதீர்கள். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஆர்எஃப்ஐடி. இங்கேதான் பலர் நம்பிக்கை இழந்து பார்கோடுக்குத் திரும்புகிறார்கள். மெட்ரிக் டேக் யுஎச்எஃப் வகை, அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைவரிசைக்குத் தண்ணீர் பிடிக்காது, உறிஞ்சிவிடும். பச்சைச் செடி என்பது பெரும்பாலும் தண்ணீர். டேக் தண்டுக்கும் இலைக் கொத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு அடி தூரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்குக் கூடத் தெரியாது. அதே நேரம், பக்கத்து டிராலியில் வரிசையில் காத்திருக்கும் செடியின் டேக் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் அதை ஆறு அடி தூரத்திலிருந்து ஜோராகப் படித்துவிடும். அறையில் எங்கு பார்த்தாலும் அலுமினிய ரேக், ஸ்டீல் மேசை, அலை பட்டுத் தெறித்து எங்கிருந்தெல்லாமோ வரும். எடை ஒரு செடியுடையது, எண் இன்னொரு செடியுடையது என்று பதிந்தால் அது கையால் எழுதுவதைவிட மோசம், ஏனென்றால் இயந்திரம் பதிந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நிறுவ வந்தவர்கள் ரீடரை முழுச் சக்தியில், அதாவது 30 டிபிஎம்மில், வைத்துவிட்டுப் போனார்கள். அது 1 வாட். டெமோவில் தூரத்திலிருந்தே படிப்பதைக் காட்டினால் வாங்குபவர்கள் அசந்துபோவார்கள் என்பதால் அப்படி வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எடை நிலையத்துக்கு அது முழுத் தப்பு. 10 டெசிபல் குறைத்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும், அதற்கும் கீழே இறக்கலாம். ஆன்டெனாவைக் கொக்கிக்குக் கீழே, வெட்டிய தண்டு தொங்கும் உயரத்தில் வைத்து, மூன்று பக்கமும் உலோகத் தகடு அடைத்து, டேக்கைத் தண்டின் அடியில் மட்டுமே கட்ட வேண்டும் என்று வளர்ப்புப் பிரிவோடு பேசி முடிவு செய்த பிறகுதான் பக்கத்துச் செடியைப் படிக்கும் தொல்லை நின்றது. இதில் எதுவும் கையேட்டில் இல்லை. மென்பொருளில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு டேக் கண்ணில் பட்டால் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்காமல் சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்திவிடுகிறது, பார்கோடை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தினால்தான் நகரும். சில அமைப்புகள் சிக்னல் பலமாக இருக்கும் டேக்கைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன என்று கேள்விப்பட்டேன். அப்படி இருந்தால் அந்த வசதியை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

அடுத்தது ஸ்கேல். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வணிகத்துக்கு ஏற்றது என்ற என்டிஇபி சான்றிதழ் உள்ள, 'கிளாஸ் 3' என்ற துல்லிய வகை ஸ்கேல் இதோடு வந்தது, நல்ல ஸ்கேல். தொங்கும் செடி ஆடும், ஃபேன் காற்று பட்டால் இன்னும் ஆடும். எண் நிலைத்து நிற்கும் வரை பதியாமல் காத்திருக்கும் வசதி இருக்கிறது. எத்தனை கிராமுக்குள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். அதை மிகவும் இறுக்கி வைத்தால் பச்சை விளக்குக்காகக் காத்து நின்று ஆட்கள் எரிச்சலடைந்து செடியைக் கையால் பிடித்து நிறுத்துவார்கள். கை பட்டால் எடை போச்சு. நிலையத்துக்கு மேலே இருக்கும் ஃபேனை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதே சரி. காலையில் முதல் செடிக்கு முன்னால் 1 கிலோ, 5 கிலோ சோதனை எடைகளை மாட்டிக் காட்டாமல் மென்பொருள் அறுவடையைத் திறக்கவே விடாது, அந்தச் சோதனையும் பதிவாகிறது. இது எனக்கு மிகவும் பிடித்தது. அதிகாரி வந்து கேட்டால் அன்று காலை ஸ்கேல் சரியாக இருந்தது என்று காட்ட ஒரு வரி இருக்கிறது.

கொக்கியில் பிசின் சேரும். கஞ்சாச் செடியோடு வேலை செய்யாதவர்களுக்கு இந்தப் பிசினைப் புரியவைப்பது கஷ்டம், பலாப்பழம் உரித்த கை மாதிரி, தண்ணீருக்கு அசையாது, ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால்தான் போகும். காலையில் பூஜ்யம் காட்டிய கொக்கி மதியத்துக்குள் சில கிராம் கூடிவிடும். ஒரு செடிக்குச் சில கிராம் என்றால் ஒன்றுமில்லை, அறை முழுக்க என்றால் கணக்கில் தெரியும். செடி இல்லாத நேரத்தில் கொக்கியின் எடை ஒரு வரம்பைத் தாண்டினால் துடைக்கச் சொல்லி எச்சரிக்கிறது. டேப்லெட் திரைதான் படுதோல்வி. பிசின் ஒட்டிய நைட்ரைல் கையுறையால் தொட்டால் ஒரு பட்டனுக்குப் பதில் இரண்டு அழுந்தும், அல்லது எதுவும் அழுந்தாது. வேறு வழியில்லாமல் காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினோம். இவ்வளவு விலை வாங்குபவர்கள் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தந்திருக்க வேண்டும். கையுறை போட்டுத்தான் இந்த வேலை நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

அலகு விஷயத்தையும் பாருங்கள். மெட்ரிக் கிராமும் ஏற்கும், பவுண்டும் ஏற்கும். ஒரு பவுண்டு 453.6 கிராம். ஸ்கேலின் முன்னால் இருக்கும் பட்டனை யாராவது தெரியாமல் அழுத்தி அலகு மாறினால் என்ன ஆகும் என்று வாங்கும் முன்பே சோதித்துப் பார்த்தோம். மென்பொருள் பதிய மறுத்தது. நல்லது.

மெட்ரிக்கோடு இணையும் பகுதி பாதி நன்றாக இருக்கிறது, பாதி வேதனை. இணையம் போனாலும் பதிவு நிற்பதில்லை, டேப்லெட்டிலேயே சேர்ந்து பிறகு போகிறது. இது இல்லாத அமைப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெட்டிய செடி காத்திருக்காது, மெட்ரிக் தளமே சில நாள் திணறும். ஆனால் மெட்ரிக் ஏதாவது ஒரு வரியை ஏற்க மறுத்தால், உதாரணமாக ஒரு செடி மெட்ரிக்கில் இன்னும் பூக்கும் நிலைக்கு மாற்றப்படாமல் இருந்தால் அதை அறுவடை செய்ய விடாது, அப்போது இந்த மென்பொருள் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. எந்த டேக், என்ன காரணம், யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் சொல்வதில்லை. மெட்ரிக் அனுப்பும் பதிலில் அந்த விவரம் இருக்கிறது, அதை எடுத்துத் திரையில் காட்டுவதற்கு ஒரு புரோகிராமருக்கு அரை நாள் வேலை இருக்கும். பல முறை எழுதிக் கேட்டாகிவிட்டது. அதுவரை, அறுவடைக்கு முந்தைய நாளே அறையின் எல்லா டேக்குகளையும் கையடக்க ரீடரால் ஒரு நடை நடந்து படித்து, மெட்ரிக் பட்டியலோடு ஒப்பிட்டு, நிலை மாறாத செடி, டேக் விழுந்த செடி, இரட்டை டேக் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுத்தான் அறுவடையைத் தொடங்குகிறோம். இந்த முன்தின நடை இந்த அமைப்பில் ஒரு ஓரத்தில் கிடக்கும் வசதி, யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. என் கணக்கில் பாதிக் காசு அதற்கே தகும்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய பலன். டேக் எண்ணை மேசை, வரிசை, இடம் என்று வரைபடத்தோடு இணைத்து வைத்தால், அறுவடை முடிந்த அன்றே அறையின் எடை வரைபடம் வருகிறது. எந்த மூலையில் செடி கனமாக வந்தது, எங்கே மெலிந்தது என்று நிறத்தில் தெரியும். சுவர் ஓரச் செடிகள் இலேசாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே, விளக்கு வெளிச்சம் ஓரத்தில் குறையும். ஆனால் ஒரு மேசையில், நடு அறையில், வரிசையின் கடைசிச் செடிகள் மட்டும் வரிசையாக இளைத்திருந்தன. வளர்ப்புப் பிரிவில் ரகத்தின் குணம் என்றார்கள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் வேறு ரகம் வைத்தும் அதே வடிவம். சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனைக்கு அழுத்தம் போய்ச் சேரவில்லை, சொட்டிகளில் உப்பு அடைத்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு வித்தியாசம், எண்ணில்தான் தெரிந்தது. தாளில் எழுதிய காலத்திலும் இதே எடைகள் எங்களிடம் இருந்தன, ஆனால் தட்டச்சு முடிந்து மெட்ரிக்குக்குப் போனதோடு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மிச்சிகனில் ஓர் அவுன்ஸ் பூவின் சராசரிச் சில்லறை விலை 2020 ஆரம்பத்தில் 500 டாலருக்கு மேல் இருந்தது, 2023இல் 100 டாலருக்குக் கீழே. இந்தச் சரிவில் எத்தனையோ தோட்டங்கள் மூடிவிட்டன. நிற்பவர்கள் இந்த மாதிரி மூலை முடுக்குகளில் இழக்கும் கிராமைப் பிடித்துத்தான் நிற்கிறார்கள். அரசு கேட்கிறது என்பதற்காகச் செலவு செய்து எடுக்கும் தரவு, அதைத் தோட்டத்துக்கும் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீண்.

ஒரு எச்சரிக்கை, ஈர எடையை வைத்து ரகத்துக்கு ரகம் போட்டி வைக்காதீர்கள். முந்தின இரவு தண்ணீர் பாய்ச்சிய அறைக்கும் இரண்டு நாள் காயப்போட்ட அறைக்கும் ஈர எடை வேறு வேறாகத்தான் வரும். தடித்த தண்டுள்ள ரகம் ஸ்கேலில் பிரமாதமாகத் தெரியும், காய்ந்து பூவை உதிர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரே நாளில் ஒரே அறையில் ஒரே ரகத்துக்குள் ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண்ணை நம்பலாம். மென்பொருள் விற்பவர்கள் முகப்புத் திரையில் 'இந்த மாதத்தின் சிறந்த ரகம்' என்று ஈர எடையை வைத்து ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன், எடுக்கவில்லை.

காய்ந்த எடை பக்கம்தான் இந்த அமைப்பின் பலவீனம், வாங்கும் முன் அதிகம் விசாரிக்க வேண்டியதும் அதுவே. பத்து பதினாலு நாள், ஏறக்குறைய 60 டிகிரி ஃபாரன்ஹீட்டும் 60 சதவீத ஈரப்பதமும் வைத்து உலர்த்தி, தண்டிலிருந்து பூவைப் பிரித்து, டிரிம் செய்து, பூ, டிரிம், தூள், தண்டுக் கழிவு என்று தொட்டி தொட்டியாக எடை போட வேண்டும். இங்கே செடிக்குச் செடி கணக்கு கிடையாது, அறுவடைத் தொகுப்பின் பெயரில்தான். தொட்டிகளுக்கு பார்கோடு ஒட்டி, காலித் தொட்டியின் எடையை அதில் சேமித்து வைக்கலாம், அதுவரை சரி. ஆனால் எடையைக் கையால் தட்டச்சு செய்யவும் ஒரு பெட்டி திறந்தே இருக்கிறது. காரணம் கேட்பதில்லை, யார் மாற்றியது என்று தனியாகக் காட்டுவதில்லை. ஈரப் பக்கத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருந்துவிட்டு, விற்கப் போகும் சரக்கு உண்மையில் உருவாகும் இடத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன என் அளவுகோலில் இந்தப் பாதி தேறவில்லை. நிர்வாகி அனுமதியில்லாமல் அந்தப் பெட்டி திறக்காதபடி செய்யக் கேட்டிருக்கிறோம். செய்கிறோம் என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

ஆதரவு சேவை பற்றி. பேசுபவர்கள் நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள், ஆனால் அவர்கள் அலுவலகம் பசிபிக் நேரத்தில் திறக்கிறது. எங்கள் அறுவடை காலை ஆறு மணிக்கே ஆரம்பிக்கும், அவர்களுக்கு அப்போது விடிகாலை மூன்று. அறுவடை நாட்களுக்கு மட்டும் முன்பதிவு செய்து ஒரு ஆளை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.

100 செடி உரிமக்காரர்களுக்குச் சொன்ன மலிவான வழி: மிச்சிகனில் மருத்துவம் அல்லாத பயன்பாட்டுக்கான 'ஏ' வகை உரிமம் 100 செடி, 'பி' 500, 'சி' 2,000. 'ஏ' வகைக்கு ஒரு என்டிஇபி ஸ்கேல், யூஎஸ்பி வழியாக எடையைத் தட்டச்சு போல அனுப்பக்கூடியது, சாதாரண பார்கோடு ஸ்கேனர் ஒன்று, ஒரு லேப்டாப், இவை போதும். டேக்கின் பார்கோடை ஸ்கேன் செய்தால் எண் எக்செல் கட்டத்தில் விழும், ஸ்கேலில் பிரிண்ட் பட்டனை அழுத்தினால் எடை அடுத்த கட்டத்தில் விழும். முடிந்ததும் சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) மெட்ரிக்கில் ஏற்றிவிடலாம், அதற்கு மெட்ரிக்கிலேயே வசதி இருக்கிறது. நடுவில் எண்ணை யாரும் கையால் அடிக்கவில்லை, அதுதான் வேண்டும். இரட்டை டேக் வந்தால் கட்டம் சிவப்பாகும்படி எக்செல்லில் ஒரு விதி போட்டுவிட்டால் பெரிய அமைப்பு தருவதில் முக்கியமான பங்கு கைக்கு வந்துவிடும். 'பி' வகைக்காரர்கள் ஒரே அறையில் மொத்தமாக அறுக்கிறார்களா, வாரா வாரம் கொஞ்சமாக அறுக்கிறார்களா என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். வாரா வாரம் என்றால் இந்த லேப்டாப் முறையே தாங்கும்.

கனடாவில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். டெட்ராய்ட்டிலிருந்து பாலம் தாண்டினால் விண்ட்சர், அதற்கு அப்பால் லீமிங்டன், கண்ணாடிக் கூடாரங்கள் நிறைந்த ஊர், கஞ்சாவும் அங்கே வளர்கிறது. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்கச் சட்டபூர்வம், ஆனால் மாநிலம் மாநிலமாக மெட்ரிக் டேக் கிடையாது. ஒன்றிய அரசின் கண்காணிப்புத் தளத்தில் மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் மொத்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் எங்கள் நிலையத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு செடிக்கும் நம்பரோ? எங்களிட்ட மாசக் கணக்குத்தான் கேக்கினம், உது எங்களுக்கு வீண் செலவு" என்றார். சட்டத்துக்காக என்றால் அவர் சொல்வது சரி. எடை வரைபடத்துக்காக என்றால் மேசைக்கு ஒரு டேக் போட்டு மேசைவாரியாக எடை எடுத்தாலே கனடாவில் அதே பலன் கிடைக்கும், செடிவாரியாகப் போக வேண்டியதில்லை. அங்கே இந்த வகை அமைப்பை முழு விலைக்கு வாங்க நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒப்பந்தம். நிலையத்துக்கு ஒரு முறை விலை, மென்பொருளுக்கு மாதச் சந்தா தனி, நிலையம் கூடக் கூடச் சந்தாவும் கூடும். விலையைப் பேசிக் குறைக்கலாம். பேச வேண்டியது இன்னொன்று. சந்தாவை நிறுத்தினால் பழைய அறுவடைப் பதிவுகள் எங்கே போகும்? முதல் வரைவில் 30 நாளில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி கேட்டால் ஆவணங்களை எடுத்துக் காட்ட வேண்டிய கடமை தோட்டத்துக்கு, அழிக்கும் உரிமை மட்டும் மென்பொருள்காரருக்கா? ஒவ்வொரு அறுவடையும் முடிந்ததும் மூலப் பதிவு முழுவதும், ஸ்கேல் காட்டிய எண், டேக், நேரம், ஆள், திருத்தம் இருந்தால் அதுவும், எங்கள் சர்வரில் சிஎஸ்வியாக வந்து விழ வேண்டும் என்று சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். அந்த ஷரத்தோடும், காய்ந்த எடைப் பெட்டியைப் பூட்டுவதற்கு ஒரு கெடுவோடும், ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்திருக்கிறோம். கெடு தவறினால் ஈரப் பக்கத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு காய்ந்த பக்கத்துக்கு வேறு மென்பொருள் பார்ப்போம்.